ஆண் புழுவின் வால்

நிலவுக் கால்நடை ஆய்வு நிலையம்
எழுதுபவர்: டாக்டர் அங்கயற்கண்ணி, ஒட்டுண்ணியியல் இணைப் பேராசிரியர்

மார்ச் 4 / 07:15

வெள்ளாடுகள் தீனி எடுத்தன. மூன்று இருமின. புழுக்கையைத் துணியில் முடிந்து வெந்நீர்ப் புனலில் தொங்கவிட்டிருந்தேன். அடியில் இளம்புழுக்கள் இறங்கியிருக்கின்றன. நுரையீரல் புழு. வழக்கமானதுதான் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனால் இதன் தலை, நான் இத்தனை வருடம் பார்த்த எந்தத் தலையோடும் சேரவில்லை. ஊரிலிருந்து ஆட்டோடு வந்த ஏதோ ஒன்று இங்கே வேறாகிவிட்டது.

குடற்புழு மருந்து அலமாரியில் இருக்கிறது. நாளை கொடுத்துவிடலாம். துறைத் தலைவருக்குத் தகவல் அனுப்பினேன்.

மார்ச் 5 / 11:40

துறைத் தலைவர் பேராசிரியர் தணிகாசலத்தின் பதில்:

"மருந்து கொடுத்துடாதம்மா. கொடுத்தா புழுவெல்லாம் செத்து அழுகிடும். முதல்ல ஆண் புழு கிடைக்கட்டும். வாலைக் காட்டாம புது இனம்னா எவன் ஒத்துக்குவான்?"

பாடப்படி அவர் சொல்வது சரி. பெண் புழுக்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆணின் வால் நுனியில் இருக்கும் விரிப்பை வைத்துத்தான் எங்கள் துறையில் இனம் பிரிப்போம்.

அவர்தான் என் முனைவர் பட்டத்துக்கும் கைடு. எங்கள் துறையில் எந்தக் கட்டுரையானாலும் கைடின் பெயர் முதலில் வரும். சாணத்தில் கை வைப்பவர் பெயர் பின்னால் வரும். யானை லத்தியை முழங்கை வரை அளைந்திருக்கிறேன். கசாப்புக் கூடத்தில் எருமைக் குடலைக் கீறிவிட்டு, கை கழுவி அங்கேயே சோறு தின்றிருக்கிறேன். அருவருப்பு என்று ஒன்று வந்ததே இல்லை. அவர் கூப்பிடும் அந்த "அம்மா"வைக் கேட்டால்தான் வருகிறது.

இந்தக் கட்டுரை வந்தால் எனக்குப் பேராசிரியர் பதவி நிச்சயம் என்றும் சொன்னார். "சரி சார்" என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12 / 09:30

ஓர் ஆட்டை அறுத்தேன். மூச்சுக்குழாய் முழுக்க, நுரைக்குள் வெந்த சேமியா மாதிரி புழுக்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பெண். ஓர் ஆண்கூட இல்லை. ஆண் துணை இல்லாமலே பெருகுகின்றன.

பேராசிரியர் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார். புழுவுக்கு என்ன பெயர் என்பதையும் சொல்லிவிட்டார். அவருடைய பெயர்தான்.

நிலையத்தில் என்னைத் தவிர இருப்பவர் பொறியாளர் இன்னாசி. தூத்துக்குடிக்காரர். கொட்டிலின் காற்றுக்குழாய்களைக் கழற்றித் துடைப்பது அவர் வேலை. எல்லாக் குழாயிலும் ஆட்டுச் சளி ஒட்டியிருக்கிறதாம். இண்டர்காமில் கேட்டார்:

"மருந்துதான் இருக்கே, பொறவு எதுக்குக்கா வச்சிக்கிட்டு இருக்கீய?"

ஆராய்ச்சி என்றேன். அவர் அடுத்த குழாயைத் துடைக்கப் போய்விட்டார்.

மார்ச் 24 / 16:05

இன்னாசி இருமுகிறார். தானாகவே அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்.

யாரையும் கேட்காமல் ஆடுகளுக்கு மருந்து கொடுத்தேன். அவருக்கும் கொடுத்தேன். நானும் விழுங்கினேன். இருபது நாள் முன்னால் செய்திருக்க வேண்டியது.

மார்ச் 29 / 08:20

ஆடுகளின் இருமல் நின்றுவிட்டது. இன்னாசிக்கு நிற்கவில்லை. காலையில் இண்டர்காம்:

"அக்கா, தொண்டைக்குள்ள ஊருது. துப்புனா நெளியுது. என்னன்னு சொல்லுங்க, கோவிக்க மாட்டேன்."

சொன்னேன். எதற்காக மருந்தைத் தள்ளிப்போட்டேன் என்பதையும் சொன்னேன். இருமித் துப்பினார். பிறகு:

"வீட்டுல நிமோனியான்னு சொல்லிருங்க. புழுன்னு சொல்லிராதீய."

மார்ச் 31 / 13:50

இன்னாசி நேற்று மதியம் இறந்தார்.

அவர் துப்பியதை நுண்ணோக்கியில் வைத்தேன். ஆண் புழுக்கள். எத்தனை வேண்டும் உங்களுக்கு, சார்? ஒவ்வொன்றின் வாலும் விசிறி மாதிரி அழகாக விரிந்திருக்கிறது. பக்கத்திலேயே பெண்கள். பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

முதலாமாண்டு மாணவருக்கு நான் நடத்தும் பாடம் இது. ஆணும் பெண்ணும் எங்கே கூடுகின்றனவோ அதுதான் ஒட்டுண்ணியின் சொந்த வீடு. ஆடு இதற்கு வழியில் ஒரு சத்திரம். வீடு நாம், மனிதர்கள். ஆட்டில் வேலை செய்த மருந்து இந்த வீட்டில் எடுபடவில்லை.

குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தேன். இந்தத் தொழிலில் இதுதான் முதல் முறை.

பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில்:

"வாழ்த்துகள்மா. நான் சொன்னேன்ல, பொறுத்தா கிடைக்கும்னு. இன்னாசி விஷயம் வருத்தம்தான். உயிரோட இருக்கிற ஆண் புழு வேணும். ரெண்டு ஸ்காலர்ஸ் கிளம்பிட்டாங்க."

ஏப்ரல் 3 / 10:10

நேற்றிலிருந்து எனக்கு இருமல்.

அவர்களைத் திருப்பி அழைக்கச் சொல்லி ஐந்து முறை செய்தி அனுப்பினேன். இங்கிருக்கும் வானொலி துறையோடு மட்டும்தான் பேசும். அவர்கள் வரும் விண்கலத்தோடு பேசாது. அவர் பதில்:

"பசங்களைப் பயமுறுத்தாதே. மாஸ்க் போட்டுக்குவாங்க. நீயும் அதுலயே வந்துடு, இங்க பார்த்துக்கலாம். பதவி விஷயம் முடிஞ்ச மாதிரிதான்."

எனக்கு ஊருக்குப் போக வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தேன். பேராசிரியர் அங்கயற்கண்ணி என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முடிப்பதற்குள் இருமல் வந்தது. கைக்குட்டையில் நெளிந்தது.

சீ.

ஏப்ரல் 6 / 15:30

மகிழ்நன், ரூபாவதி,

இந்தக் குறிப்பு முழுவதையும் நுழைவாயிலின் வெளித்திரையில் ஓடவிட்டிருக்கிறேன். உங்கள் கலம் ஜன்னலில் தெரிகிறது. கதவை உள்ளிருந்து பூட்டியிருக்கிறேன். ஆனால் திறக்கும் எண்ணை உங்கள் கைடு உங்களுக்குக் கொடுத்திருப்பார்.

நீங்கள் தேடி வந்தது இங்கே இல்லை. பாட்டில், கண்ணாடித் தகடு, படங்கள், எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். இன்னாசியையும். அவர் வீட்டுக்கு நிமோனியா என்று எழுதுங்கள். ஆடுகளை ஊசி போட்டுக் கொன்றுவிட்டேன்.

மிச்சம் இருப்பது என் நுரையீரலில் மட்டும்

பேச்சு வரவில்லை. விரல் இன்னும்

"சரி சார்" சொல்லிப் பழகியிருப்பீர்கள். நானும்தான். இன்று ஒரு நாள் சொல்லாதீர்கள். வந்த வழியே திரும்புங்கள். வாலைப் பார்க்காமல் அவரால் பெயர் வைக்க முடியாது.

உள்ளே இருமல் கேட்கும். கதவைத் தட்டுவதும் கேட்கலாம். நான் பயந்தவள், கடைசியில் தட்டினாலும் தட்டுவேன்.

ஆடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.