என் குரலுக்கு மட்டும்

1968 செப்டம்பர் 4, போர்ட் பிளேர்

ஒரு வழியாகப் பலகை வந்துவிட்டது. படாக் மரம், நல்ல கனம். நடுவில் ஒரு கட்டை, அதன்மேல் பலகை. பிள்ளைகள் ஆடும் சீ-சா மாதிரியேதான். நாய் ஒரு முனையில் ஏறி, நடுவில் நின்று, மறுமுனை தாழ்ந்து தரையைத் தொட்டபின் இறங்க வேண்டும். எங்கள் போலீஸ் நாய்களுக்கு இனி வெளித் தீவுகளிலும் வேலை. ஆடுகிற டிங்கியில், அந்தச் சின்னப் படகில், பயப்படாமல் நிற்க இதுதான் பழக்கம் என்கிறார் எங்கள் இன்ஸ்பெக்டர் சாஹிப்.

என் நாய் ஜூலி ஏறினாள். பலகை படாரென்று தரையில் அடித்தது. ஜீப்புக்கு அடியில் புகுந்தவள் சாயங்காலம் வரை வரவில்லை. நவம்பருக்குள் தேறாவிட்டால் சுட்டுவிட வேண்டியதுதான் என்றார் சாஹிப். சிரித்துக்கொண்டே சொன்னார்.

செப்டம்பர் 11

மழை. இன்றும் ஏறவில்லை.

செப்டம்பர் 23

அல்போன்ஸ் உதவிக்கு வந்தான். அவனும் என்னைப் போல நாய்களைப் பழக்குகிறவன்தான்; அவன் நாய் நோயில் செத்தபின் சும்மா இருக்கிறான். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன்.

"ஏல அரசு, ஆட்டத்துக்கு இல்லல அது பயப்படுது, சத்தத்துக்கு. மொதல்ல சத்தத்த நிறுத்து."

இரண்டு முனைக்கும் அடியில் தேங்காய்நார் மூட்டை வைத்தோம். அவன் மனைவி கிளாரா கொடுத்தனுப்பிய சுட்ட கருவாட்டைப் பலகையில் வைத்தோம். முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டாள்!

அக்டோபர் 19

நின்றாள். உடம்பெல்லாம் நடுக்கம், ஆனால் நின்றாள். "ருக்கோ" என்றால் நிற்கிறாள், "சலோ" என்றால் இறங்குகிறாள். நான் சொன்னால் மட்டும். அல்போன்ஸ் எத்தனை தடவை "சலோ" சொன்னாலும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கட்டுன பொண்டாட்டிகூட இப்பிடிக் கேக்கமாட்டால" என்று சிரித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை இன்னும் கெட்டிப்படுத்த வேண்டும்.

நவம்பர் 14

மூட்டைகளை எடுத்தாயிற்று. பலகை அடித்தபோதும் அசையவில்லை. சிப்பாய்கள் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம். சாஹிப் "ஷாபாஷ்" என்றார். ஜூலி பிழைத்தாள்.

நவம்பர் 29

மலேரியா. குளிர் தூக்கிப் போடுகிறது. வடக்கே காட்டு முகாமில் மரம் வெட்டுகிற ஒருவரைக் காணவில்லையாம், நாய் வேண்டுமாம். ஜூலியை அல்போன்ஸ் கூட்டிப் போகிறான். அவன் சொன்னால் கேட்கமாட்டாளே என்று சாஹிபிடம் சொன்னேன். மோப்பம் பிடிக்க மூக்கு போதும், நீ எதற்கு என்றார்.

"கடலு எனக்குப் புதுசால? மூடிப் படு" என்றான் அல்போன்ஸ்.

டிசம்பர் 2

அல்போன்ஸ் கடலோடு போய்விட்டான். ஜூலியும்.

டிசம்பர் 5

படகோட்டியைப் பார்த்தேன். லாஞ்சிலிருந்து கரைக்கு டிங்கியில் போகும்போது பெரிய அலை. டிங்கி சாய்ந்ததும் மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். ஜூலி நடுவில் நான்கு காலையும் ஊன்றி நின்றாளாம். "உஸ்னே சலோ சலோ போலா, குத்தா ஹிலா நஹீ" என்றார் படகோட்டி. சலோ சலோ என்று அல்போன்ஸ் கத்தினானாம். நாய் அசையவில்லையாம். அவள் கழுத்து வாரைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கிறான். அடுத்த அலையில் டிங்கி கவிழ்ந்தது. அவன் உடல் கரையில் ஒதுங்கியபோதும் வார் மணிக்கட்டில்தான் இருந்ததாம்.

அவ எதுக்குக் காத்துக்கிட்டு நின்னா? என் குரலுக்கா? நான் இங்க கம்பளிக்குள்ள கெடந்தேனே —

காணாமல்போனவர் வேறொரு முகாமில் நல்லபடியாக இருந்தாராம்.

டிசம்பர் 8

கிளாராவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் குரலுக்கு மட்டும் பழக்கியதையும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப, இவரு கூப்பிட்டது அதுக்குக் கேட்டிருக்கும், என்ன?"

கேட்டிருக்கும் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

1969 பிப்ரவரி 3

கிளாராவுக்கு எங்கள் போலீஸ் லைனில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறுகிறாள். என் தட்டு வந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 10

கப்பலில் புது நாய் வந்தது. டைகர். என்னைப் பழக்கச் சொன்னார் சாஹிப். முடியாது என்றேன். நீ இல்லாவிட்டால் யாராவது அடித்துப் பழக்குவார்கள் என்றார். ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27

டைகருக்கும் எல்லாம் முன்போலத்தான். ஒன்று மட்டும் வேறு. டைகர் நடுவில் நின்றதும் நான் வாய் திறப்பதில்லை. காவல் நிற்பவர், ஜீப் டிரைவர், யாராவது கூப்பிட வேண்டும். போலீஸ் நாய் கண்டவன் பேச்சைக் கேட்பதா என்று சாஹிப் கத்தினார். அப்படித்தான் பழக்குவேன், பிடிக்காவிட்டால் ஆளை மாற்றுங்கள் என்றேன். ஏதோ முனகிக்கொண்டு போனார்.

இன்று மதியம் காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார். டைகர் பலகை நடுவில் நின்று என்னையே பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நல்ல வெயில். யாராவது வரட்டும் என்று நின்றேன்.

"சலோ."

சமையல்கட்டு வாசலிலிருந்து. பெண் குரல். டைகர் நிதானமாக இறங்கி அவளிடம் போனான். கிளாரா அவனைத் தொடவில்லை.

"வெயில்ல எதுக்குண்ணே நிக்கிய," என்றாள். "சோறு போட்டு வச்சிருக்கேன். ஆறுது."