உள்ளே ஆள் இருக்கும் வீடு

அக்கா,

காலையில் எடுத்த பூட்டின் எண்ணெய் வாடை இன்னும் விரலில் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இன்று ஆடிப் பதினெட்டு. வீட்டில் எல்லோரும் ஒகேனக்கலுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் உங்கள் கூடத்தில், உங்கள் முன்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் உங்களை எவ்வளவு வெறுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது பொய்க் கடிதமாகிவிடும்.

தருமபுரிக்கு வெளியே, ராகி விளைந்த கொல்லையை மனை பிரித்து விற்ற காலம் அது. பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள், அவ்வளவுதான். உங்கள் வீடு தெருவைப் பார்த்தது. எங்களுடையது அதற்கு நேர் பின்னால். எங்களுக்கு மேற்கே எண்ணெய் ஆலையின் மதில், வடக்கே முள் அடர்ந்த ஏரிக்கரை, கிழக்கே காலி மனை. அந்தக் காலி மனை வழியாகத்தான் வண்டித்தடம் தெருவுக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர் தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா. ஊரார் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் சூரர். எங்கள் கிரயப் பத்திரம் எழுதிய அன்று, எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி, "நடைபாதையப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களே" என்று கேட்டாராம். "எல்லாருக்கும் தெரிஞ்ச தடம்தானே. ராகு காலம் பொறக்கறதுக்குள்ள கையெழுத்தாவணும், முடிங்க" என்றாராம் இவர். இதைப் பெருமையாக வந்து சொன்னார். நானும் நல்ல நேரத்தில் வீடு வாங்கியாயிற்று என்று பாயசம் வைத்தேன். உங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன், நினைவிருக்கிறதா?

இரண்டாம் வருஷம் காலி மனையை ஒரு வெல்ல வியாபாரி வாங்கி, சுற்றிலும் சுவர் எழுப்பினார். கேட்கப் போன என் வீட்டுக்காரரிடம், "தடமா? பத்திரத்தில இருந்தா காட்டுங்க, விட்டுடறேன்" என்றார். அதே பேச்சைக் கச்சேரியில் நூறு பேரிடம் பேசிய மனுஷர், போன வேகத்தில் திரும்பி வந்தார். மூன்று நாள் ஏரிக்கரை முள்ளில் புடவையைக் கிழித்துக்கொண்டு போய்வந்தேன். நாலாம் நாள் நீங்கள் உங்கள் புழக்கடைச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடிக்கச் சொல்லிவிட்டு, "எங்க வூட்டு வழியா வாங்க, போங்க. இதுல என்னா இருக்குது" என்றீர்கள். அன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு மாதத்தில் அந்த நன்றி கசந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சந்துகூட இல்லை. புழக்கடை, அடுப்படி, கூடம், அப்புறம்தான் தெரு. கூடத்தில் நீங்கள் முறத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். "எங்க ருக்கு, கடைக்கா?" போகும்போது ஒரு கேள்வி, வரும்போது ஒரு பார்வை. கூடையில் என்ன இருக்கிறது, தலையில் பூ இருக்கிறதா, அழுத முகமா, எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் விருந்தாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் எழுந்து கை கழுவும் வரைக்கும் புழக்கடையில் நிற்பேன். ஜெயில் வார்டராவது வேளைக்கு ஆள் மாறுவான், இந்த அம்மாள் மாறவே மாட்டாளா என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளியிருக்கிறேன். "வித்துட்டுப் போயிடலாங்க" என்று கெஞ்சினால், "வழியில்லாத வூட்ட எவன் வாங்குவான்?" என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

மாதத்தில் மூன்று நாள் இன்னும் மோசம். தூரமானவள் சாமி படம் மாட்டிய கூடத்தைத் தாண்டக் கூடாது. ஏரிக்கரையையும் அதற்குள் முள் மூடிவிட்டது, எனக்கோ வேறு வழி கிடையாது. எண்ணெய் ஆலைச் சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று நாளும் உள்ளேயே கிடப்பேன். அப்படி ஓர் இரண்டாம் நாளில்தான், பாலக்கோட்டில் அப்பா பேச்சு மூச்சில்லாமல் கிடப்பதாக ஆள் வந்து சொன்னான். யுத்த காலம், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் ஒரே பஸ், அதை விட்டால் மறுநாள்தான். உங்கள் புழக்கடையில் வந்து நின்றேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். உள்ளே போய் ஒவ்வொரு படமாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டு, "இப்ப நட" என்றீர்கள். அப்பாவின் கண் மூடும் முன் போய்ச் சேர்ந்தேன். அதற்குக்கூட நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. என் மாதக் கணக்கும் இவளுக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் பஸ்ஸில் குமைந்துகொண்டு போனேன். எவ்வளவு அற்பமாக இருந்திருக்கிறேன்.

வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு உங்கள் வீட்டார் எல்லோரும் ஒகேனக்கல் போவார்கள். உங்கள் தாய்வீடும் அங்கேதான், பென்னாகரத்துப் பக்கம். நீங்கள் மட்டும் போக மாட்டீர்கள். "எனக்குக் கால் வலி, நீங்க போயிட்டு வாங்க" என்பீர்கள். எங்களை வேவு பார்க்கத்தான் இருக்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

நீங்கள் போன பிறகு, உங்கள் வீட்டுக்காரர், ஜவுளிக்கடை அண்ணன், சேலத்து மகனோடு இருக்கப் போவதாகச் சொல்லி முன்வீட்டை எங்களுக்கே கிரயம் செய்து கொடுத்தார். இந்தத் தடவை ராகு காலம் வந்து போயிற்று, நான் பத்திரத்தை வரி வரியாகப் படிக்க வைத்துக் கேட்டேன். புறப்படுகிற அன்று அண்ணன் மெழுகுத் துணியில் சுற்றிய பித்தளைப் பூட்டு ஒன்றைக் கொடுத்தார். புதுசு, எண்ணெய் காயவில்லை.

"நீங்க எங்க வூட்டு வழியா நடக்க ஆரம்பிச்ச வருஷம் வாங்கினதும்மா. கடை ஜவுளியெல்லாம் வூட்டுலதான கெடக்குது, தெறந்து போட்டுட்டு ஊருக்குப் போறதுக்கு எனக்கு மனசு வரல. ஒரு நாளைக்குப் பூட்டிட்டு வாடின்னேன். உள்ள மனுஷங்கள வெச்சுப் பூட்டறதான்னுட்டா. அவளுக்குக் கால்ல ஒண்ணும் இல்ல. பத்து வருஷமா தாய்வூட்டு ஆத்துல அவ முழுவல."

சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறிவிட்டார். நான் இந்தக் கூடத்தில், நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷமாக நான்தான் அடைபட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா.

இப்போது நாங்கள் முன்வீட்டுக்கு வந்துவிட்டோம், பின்வீட்டில் ஓர் இளம் தம்பதி வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். இன்று காலை என் வீட்டுக்காரர், "பூட்ட எடு. குடித்தனக்காரங்கள நம்பியா வூட்டத் தெறந்து போட்டுட்டுப் போவாங்க? ஒரு நாள்தான, உள்ளயே இருக்கட்டும்" என்றார். நாங்கள் ஏரிக்கரை முள்ளில் நடந்ததை இந்த மனுஷர் மறந்துவிட்டார். நான் பூட்டை எடுத்துத் துணியைப் பிரித்தேன். அந்த நேரம் பார்த்து அவள் கையில் பையோடு கூடத்துக்கு வந்தாள். பூட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்.

"எனக்குக் கால் வலிங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

வீட்டார் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டினாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கம்மா, கடைக்கா?" என்று கேட்டுவிட்டேன். "ம்" என்றாள். வாசல் தாண்டியதும் அவள் முகம் சுளித்ததை இங்கிருந்தே பார்த்தேன்.

பூட்டு மடியில் இருக்கிறது. என் காலுக்கு ஒன்றும் இல்லை, அக்கா.

ருக்கு