மால்ல இருக்கேன்ப்பா

மாப்ள,

நேற்று மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரையில் ஒரு மாலுக்குப் போனேன். விடுமுறைக்கு வந்து கே.கே. நகரில் மாமனார் வீட்டில் இருக்கிறோம். வெயில் தாங்காமல் பெரியவன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். கண்ணாடிக் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த குளிரும், வெண்ணெயில் பொரிகிற பாப்கார்ன் வாசனையும் அப்படியே நம் தோஹா மால். பெரியவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "மாமா எந்தப் பக்கம் இருப்பாரு?" என்றான். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவனிடம் சொல்லித்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் மால் என்றால் அவனுக்கு நீதான்.

நம் வீட்டுக்காரிகள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் விசாவில் ஒட்டிக்கொண்டு போனவர்கள் நாம். போன பிறகு வேலை தேடிக்கொள்ளலாம் என்று நான் மருந்துக் கம்பெனி வேலையை விட்டேன், நீ கார் சர்வீஸ் சென்டரை விட்டாய். வேலை அமையவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயதும் ஆகவில்லை. வெளியே அனல், வீட்டில் நைட் டூட்டி முடித்து வந்தவள் தூங்க வேண்டும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாலுக்குப் போவதைத் தவிர நமக்கு வேறு போக்கிடம் இல்லை.

நாம் சந்தித்ததே அங்கேதான். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் என் பையன் உன் மகளைத் தள்ளிவிட்டான். நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். நீ அவளைத் தூக்கிக்கொண்டே, "விடுங்கண்ணே, புள்ளைகன்னா அப்படித்தேன்" என்றாய். எந்த ஊர் என்று கேட்டேன். சமயநல்லூர் என்றாய். மறுநாளிலிருந்து அண்ணே போய் மாப்ள வந்துவிட்டது.

காலையில் கடைகள் திறப்பதற்கு முன்பே போய்விடுவோம். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடப்போம். எந்தக் கடைக்குள்ளும் நுழைந்ததில்லை. "இது நமக்கு மீனாட்சி கோயில் ஆடி வீதி மாப்ள. சுத்திக்கிட்டே இருக்கலாம், எதுக்குன்னு எவனும் கேக்க மாட்டான்" என்பாய். மதியம் ஓர் ஓரத்து மேசையில் உட்கார்ந்து, நீ கொண்டுவந்த தயிர்ச்சோற்றை மூன்று பிள்ளைகளுக்கும் மாற்றி மாற்றி ஊட்டுவாய். என் சின்னவளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. அவளுக்கு மட்டும் தனியாகக் குழைத்து வருவாய். அந்த நேரங்களில் உன் முகத்தில் குறை எதுவும் தெரியாது.

குறை, ஊரிலிருந்து போன் வரும்போதுதான் வரும். முதல் தடவை உன் அப்பா கூப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார். "மால்ல இருக்கேன்ப்பா" என்றாய். அவர் அதை வேலை என்று எடுத்துக்கொண்டார். என்ன வேலை என்று கேட்டதும் நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "மேற்பார்வைப்பா" என்றாய். போனை வைத்துவிட்டு இருவரும் சிரித்தோம். ஆனால் அடுத்த மாதத்துக்குள் அது ஊரில் மேனேஜர் ஆகிவிட்டது. நீ அதற்கப்புறம் சிரிக்கவில்லை. ஒருநாள் தெரிந்த மதுரைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு எதிரே வந்து, "என்ன தம்பி, இன்னைக்கு லீவா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினாய். அதன் பிறகு கொஞ்ச நாள் என்னையும் இழுத்துக்கொண்டு தோஹாவுக்கு வெளியே இருந்த வேறு மாலுக்குப் போனாய்.

போன வருடம் விடுமுறைக்குக் கிளம்பும்போது, "இந்தத் தடவ அப்பாகிட்டச் சொல்லிருவேன் மாப்ள. நெஞ்சுக்குள்ள கல்லு மாதிரி கெடக்கு" என்றாய். இரண்டு வாரம் கழித்து உன் மனைவி போன் செய்தாள். விடியற்காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். மதுரைக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் தோஹாவில் இருந்தேன். உன் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அதனால்தான் இன்று காலை மைத்துனன் பைக்கை எடுத்துக்கொண்டு சமயநல்லூர் போனேன். உன் வீட்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வெளுத்துப்போய் இன்னும் தொங்குகிறது. நீ வாழ்நாளில் போடாத கோட்டும் டையும் உனக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். பெயருக்குக் கீழே, மேனேஜர், தோஹா. உன் அப்பா ரொம்பத் தளர்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். நானும் அதே மாலில்தான் வேலையா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், சேர்ந்துதான் இருந்தோம் என்றேன். உன் அப்பா தலை நிமிரவில்லை.

கிளம்பும்போது பைக் வரைக்கும் தனியாகக் கூடவே வந்தார். ரோட்டைப் பார்த்தபடி பேசினார்.

"எனக்குத் தெரியும் தம்பி. வந்த மறுநாளே சொல்லிப்புட்டான். நாந்தேன் வெளிய மூச்சுவிட்றாதன்னேன். பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கிறான்னு ஊரு பேசுமேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவன் ஏங்கிட்டச் சரியாப் பேசல."

நீ சொல்லாமலே போய்விட்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சொன்னாய், சொன்ன பிறகு அந்தப் பத்துப் பதினைந்து நாளும் அந்த வீட்டில் எப்படி இருந்தாயோ. எனக்குக்கூட ஒரு போன் செய்யவில்லையே மாப்ள.

வண்டியை எடுக்கப் போனேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அங்கிட்டு அவ வேலைக்குப் போயிட்டா எம்பேத்திய யாரு பாக்குறா?" என்று கேட்டார்.

"நாந்தேன்ப்பா பாக்குறேன். எம்புள்ளைகளோட சேத்து. எனக்கு வேற வேலை கிடையாது. அதான் என் வேலை" என்றேன்.

இந்த ஊரில் ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னது இதுவே முதல் முறை. கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் கைப்பிடியை விடவே இல்லை. பிறகு, "அவளுக்கு வெறுஞ்சோறு எறங்காது, தயிரு ஊத்திப் பெசஞ்சு குடுங்க. அவந்தேன் சொன்னான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் திரும்புகிறோம். உன் மகள் என் வருகைக்குக் காத்திருக்கிறாள் என்று உன் மனைவி சொன்னாள். மூவரையும் கூட்டிக்கொண்டு நடக்கும்போது எனக்கு ஒரு கை குறைகிறது. சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, உன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரியவனை முன்னால் விட்டு நடக்கிறேன். பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை.