பின்னால் உட்கார்ந்தவளின் ஹெல்மெட்

இன்று காலை உன் அம்மா பீரோ மேலிருந்து உன் ஹெல்மெட்டை இறக்கினார். துடைக்கத் துடைக்க ஒரு வாசனை எழுந்தது. பழைய வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. நீயே எழுந்து வந்த மாதிரி இருந்தது. வாசலில் என் ஸ்கூட்டி. அதன் பக்கத்தில் வாணி, உள்ளே வரத் தைரியமில்லாமல்.

எனக்குக் காலேஜுக்கு நேரமாகிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரியான என்னை உன் பைக்கில்தான் ஏற்றிக்கொண்டு போவாய். இருப்பது ஒரே ஹெல்மெட். அதை என் தலையில் கவிழ்ப்பாய்.

"கப்படிக்குதுடா, நீயே போட்டுக்கோ."

"ஓட்டுறவனுக்கு ரோடு தெரியுது. பின்னாடி குந்திக்கினு வர்றவங்களுக்கு இன்னா தெரியும்? போட்டுக்கோம்மா."

அன்றும் வாணியிடம் இதையேதான் சொல்லியிருப்பாய். பதிவுத் திருமணத்துக்குக் கிளம்பிய உங்களைச் செவிலிமேட்டுப் பாலத்தருகே அவள் பெரியப்பாவின் கார் பின்னாலிருந்து இடித்தது. அவள் பிழைத்தாள். நீ போய்விட்டாய்.

ஊர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஹெல்மெட் போடாதது உன் தப்பு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற காலனிப் பையன், தறிக்காரர் வீட்டுப் பெண்ணைப் பார்த்தது அதைவிடப் பெரிய தப்பு. உன் சித்தி சாவு வீட்டிலேயே கத்தினார்: "ஹெல்மெட்ட வாங்கி மாட்டிக்கினு எம்புள்ளைய சாவடிச்சிட்டாளே!" காரை ஓட்டியது டிரைவர், பிரேக் பிடிக்கவில்லை என்று வழக்கு எழுதினார்கள். பெரியப்பா அந்த வருஷமும் சாமி கல்யாணத்துக்குப் பல்லக்குத் தூக்கினார். அம்பாள் ஆசைப்பட்டவரைக் கட்டிக்கொண்டால் இந்த ஊருக்குத் திருவிழா. வாணி ஆசைப்பட்டால் கொலை.

சித்தி சொன்னதை வாணி நம்பிவிட்டாள். வீட்டை விட்டு வெளியேறி, சென்னையில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு, பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் கிடந்தாள். அவள் வாயைத் திறக்காவிட்டால் நீ வெறும் விபத்து. சம்மன் வந்து, இன்று அவள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய நாள். "அவங்கம்மா மூஞ்சியப் பார்க்காம என்னால கூண்டுல ஏற முடியாது" என்றாள். அழைத்து வந்தேன்.

உன் அம்மா தெருவே பார்க்க அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டினார்.

"அவன் குடுத்தான், நீ போட்டுக்கின. இதுல இன்னா தப்பு? இடிச்சது யாருன்னு போய்ச் சொல்லு."

வாணி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து விசும்பினாள். "கப்படிக்குது அத்தை."

"அவன் என்னிக்கும்மா ஒழுங்கா தலைக்குக் குளிச்சான்?"

இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

கோர்ட்டில் அவள் குரல் நடுங்கவில்லை. "திரும்பிப் பார்த்தேன். பெரியப்பாதான் ஓட்டினாரு. எங்களப் பார்த்துட்டுத்தான் வேகமா வந்தாரு."

எதிர்த்தரப்பு வக்கீல் காத்திருந்தவர் போலக் கேட்டார்: "ஹெல்மெட் யார் தலையில இருந்தது?"

"என் தலையில. அவர்தான் மாட்டிவிட்டாரு. எங்கள இடிச்சது ஹெல்மெட் இல்லைங்க, காரு."

வக்கீல் தாளைப் புரட்டினார். பெரியப்பா தரையைப் பார்த்தார்.

தீர்ப்பு எப்படி வருமோ, எனக்கு இந்த நாட்டைப் பற்றிப் பெரிய நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் நடந்ததற்கு யார் பொறுப்பு என்பது வாய்விட்டுச் சொல்லப்பட்டுவிட்டது. அதைச் சொன்னது அவள். மூச்சு சீராக வருகிறது எனக்கு.

உன் அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். பாலத்தில் திரும்பி வரும்போது வாணி என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ. உன் ஹெல்மெட் என் தோளில் முட்டிக்கொண்டே வந்தது. வலித்தது. நான் அவளை எழுப்பவில்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். பின்னால் இருப்பவளுக்குத் தெரிய வேண்டாம், எனக்கு ரோடு தெரிந்தது.