கதை: ஜெபராணி

ஃபஹாஹீல்,
குவைத்,
12 ஜனவரி 2023

அன்புள்ள கார்மேகம்,

வாட்ஸ்அப்பில் பேசினால் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, அதனால் கடிதம். திரைக்கதை முடிந்தது, இத்துடன் இருக்கிறது. டியூட்டி இல்லாத நாட்களில் எட்டு மாதம் எழுதினேன். கதையில் லிஜோ, ஊரிலிருந்து இங்கே மீன்பிடிக்க வந்து கடலில் காணாமல் போனவன். அவன் இறந்துவிட்டான் என்று எழுதிய காகிதத்தை மனைவி ரினியிடம் நீட்டுகிறார்கள். "ஆளையே காணாம நான் எப்பிடி ஒப்பு போடுவேன்?" என்கிறாள். என் வார்டில் ஒரு பெண் அழாமல் கேட்ட கேள்வி அது.

நாகர்கோவிலில் என்னோடு பள்ளி நாடகம் போட்டவன், இன்று இயக்குநராகப் போகிறாய். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்.

ஜெபா

சென்னை,
3 மார்ச் 2023

அன்பு ஜெபா,

தயாரிப்பாளர் ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். படம் உறுதி. ஒரு சங்கடம். "குவைத்து நர்ஸ் பேரைப் போட்டா எவன்யா மதிப்பான்? உன் பேரையே போடு" என்கிறார். அமெரிக்காவில் ஐம்பதுகளில் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் மாட்டிய எழுத்தாளர்கள் அடுத்தவர் பெயரில் திரைக்கதை எழுதவில்லையா? இந்த ஒரு படத்துக்கு விட்டுக்கொடு. இது உன் கதை என்று எனக்குத் தெரியாதா?

கார்மேகம்

ஃபஹாஹீல்,
20 மார்ச் 2023

கார்மேகம்,

அவர்களை அரசியலுக்குப் பயந்த கம்பெனிகள் ஒதுக்கின. என்னை ஒதுக்குவது நீ. என் பெயர் இல்லையென்றால் படம் எடுக்காதே. நான் இதை நாவலாக எழுதிக்கொள்கிறேன்.

ஜெபா

ஃபஹாஹீல்,
5 நவம்பர் 2024

கார்மேகம்,

ஆகஸ்டில் படம் வந்ததுமே உடன் வேலை செய்யும் பெண்களோடு பார்த்தேன். என் வசனத்துக்கு அழுதார்கள். நான் மறுத்தும், 'எழுத்து, இயக்கம்' என்று திரையில் உன் பெயர்.

போன மாதம் நாவல் வந்தது. 'படத்தைப் பார்த்து எழுதியது' என்று ஒரு பத்திரிகை மதிப்புரை எழுதியிருக்கிறது. 'இது உன் கதை' என்று நீ எழுதிய போன வருட மார்ச் மாதக் கடிதம் என்னிடம் இருக்கிறது. யாரிடமும் காட்டமாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ.

ஜெபா

சென்னை,
2 டிசம்பர் 2024

ஜெபா,

அதே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துவிட்டேன். "கதையும் திரைக்கதையும் ஜெபராணியோடது. எம்பேரைப் போட்டுக்கிட்டது திருட்டு" என்றே சொன்னேன். அடுத்த படத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அது போகட்டும். பழையபடி எழுதுவதை முதலில் எனக்கு அனுப்புவாயா?

கார்மேகம்

ஃபஹாஹீல்,
19 டிசம்பர் 2024

கார்மேகம்,

பேட்டியை வாசித்தேன். சொல்வதற்கு உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். நன்றி.

அடுத்த நாவல் நாற்பது பக்கம் வந்திருக்கிறது. முன்பென்றால் இந்நேரம் உனக்கு அனுப்பியிருப்பேன். இப்போது மனம் வரவில்லை. புத்தகமாக வந்ததும் வாங்கி வாசி.

ஜெபராணி