தண்ணீர் குறைவாகப் போதும் என்று சொன்னேன்

6-5-14, செவ்வாய்

வெயில். பத்து மணிக்கே மருந்துக்கடை ஷட்டரைத் தொட முடியவில்லை. இன்சுலின் வந்தது, ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. கேஸ் புக் பண்ண மறந்தேன்.

மதியம் செல்வராசு அண்ணன். கம்மாபுரத்துக்காரர், திறந்தவெளி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. மாதாமாதம் பி.பி. மாத்திரை நம் கடையில்தான். மலத்தில் ரத்தமாம். வியாழன் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். டாக்டர் சீட்டில், குடலைக் கழுவ இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கும் பவுடர் எழுதியிருந்தது. ஸ்டாக் இல்லை. அதற்குப் பதில் பாஸ்பேட் உப்பு மருந்து இருந்தது, சின்னப் பாட்டில் இரண்டு கொடுத்தேன். இதுவும் அதே வேலைதான், அவ்வளவு தண்ணீர் வேண்டாம் என்றேன். அவருக்குச் சந்தோஷம். முழங்கால் வலிக்கு வழக்கமாக வாங்கும் மாத்திரையும் ஒரு அட்டை.

7-5, புதன்

மத்தியானம் கூட்டமில்லை. அதே மருந்தில் இன்னொரு பெட்டி அலமாரியில். உள்ளே இருந்த தாளைப் படித்தேன், பொடி எழுத்து. கிட்னி பாதிக்கலாம். வயதானவர்கள், பி.பி. மாத்திரை, வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

நான் சொன்னது நேர் எதிர்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். முதலாளியிடம் சொன்னேன். எத்தனையோ பேர் குடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள், போய் வேலையைப் பார் என்றார்.

நாலரை பஸ்ஸில் கம்மாபுரம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அண்ணன் கொல்லைப்பக்கம். அவர் மனைவி தனம் அக்கா, "முதல் பாட்டிலு குடிச்சிட்டு வாந்தி எடுத்துகினு இருக்காரும்மா" என்றார். இரண்டாவதைக் குடிக்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், வலி மாத்திரை வேண்டாம் என்றேன். எழுதியதை மாற்றி நான் தப்பு மருந்து கொடுத்துவிட்டேன், கிட்னி பாதிக்கலாம் என்று சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அக்கா மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

8-5, வியாழன்

அக்கா போன். டாக்டர் கிடைக்கவில்லையாம், இரண்டாவது பாட்டிலும் குடித்துவிட்டார். குடலில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லையாம். அப்பாடா. சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன். கேஸ் புக் பண்ணியாயிற்று.

13-5, செவ்வாய்

தனம் அக்கா கடைக்கு வந்தார், சத்து டானிக் கேட்டு. அண்ணன் எழுந்திருக்கவே இல்லையாம். கால் வீக்கம். "ஒண்ணுக்கே சரியா போவலம்மா. வெயில் சூடுதான?"

டானிக் கொடுக்கவில்லை. அண்ணனைக் கூட்டிவரச் சொல்லி உடனே லேபுக்கு அனுப்பினேன். கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 3.4, ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது. சாயங்காலமே கடலூர் கூட்டிப்போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் சீட்டில் பவுடர் என்றுதான் எழுதியிருக்கும், நான் கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது. முதலாளி அதையேதான் சொல்கிறார்: "எழுத்துல ஒண்ணும் இல்ல. நீயா போய் வாயக் குடுக்காத."

14-5, புதன்

லீவு சொல்லாமல் கடலூர். பையில் அந்தப் பெட்டி. பஸ்ஸில் இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று பார்த்தேன்.

அக்காவையும் வைத்துக்கொண்டு டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். பெட்டியை வாங்கிப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த உப்பு கிட்னியில் படிந்திருக்கலாம், வெயிலும் இரண்டு மாத்திரையும் சேர்ந்துகொண்டன, இது தெரியாமல் வேறு ஏதோ காரணம் தேடிக்கொண்டிருந்தோம் என்றார். பி.பி. மாத்திரையை மாற்றுகிறார்கள். டயாலிசிஸ் தேவைப்படுமா என்று இரண்டு நாளில் தெரியும்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

17-5, சனி

சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன். போன் போடத் தைரியமில்லை. முதலாளி பேசுவதில்லை.

22-5, வியாழன்

கடலூர் போனேன். டயாலிசிஸ் இல்லாமலே கிரியேட்டினின் 2.1க்கு இறங்கியிருக்கிறது. முழுக்கப் பழையபடி வராது போலிருக்கிறது என்கிறார் டாக்டர். மைன்ஸ் வெயிலில் இனி வேலை கூடாதாம்.

அண்ணன் உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. என்னை உட்காரச் சொன்னார்.

"தெரியாம குடுத்துட்ட, அத வுடும்மா. அன்னிக்கி வூடு தேடி வந்தியே, அப்பவே ஏன் சொல்லல? சொல்லியிருந்தா ரெண்டாவத தொட்டிருக்க மாட்டன்."

பயமாக இருந்தது அண்ணே என்றேன்.

அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றி அண்ணன் கையில் கொடுத்தார். திங்கள் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.