ஆறாம் நம்பர் மலையை வரைந்தவன்

இன்று காலை கந்தோரில் பழைய அலுமாரி ஒன்றைக் காலி செய்தோம். அடித்தட்டில், வரைபடம் கீறும் இந்தியன் இங்க் போத்தல் ஒன்று கிடந்தது. மூடி இறுகிப்போயிருந்தது, மேசை விளிம்பில் இரண்டு தரம் தட்டித் திறந்தேன். மை காய்ந்து அடியில் தார்போல ஒட்டியிருந்தாலும் மணம் மட்டும் அப்படியே இருந்தது. கர்ப்பூரமும் கரியும் கலந்த மணம். ஒருநாள் என் விரலை முகர்ந்துவிட்டு நீ கேட்டாய்: "சாமி ரூம்ல இருந்து நேரா வர்றியா மச்சான்?"

பக்கத்தில் நின்ற இளம் நில அளவையாளன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சேர், நீங்க அந்த நாளில இன்டர்நெட் கேம் விளையாடிப் பொலிசில மாட்டினீங்களாமே."

மாட்டியது நான் அல்ல, நீ. இதைக்கூடச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் பகிடியாக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. துக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே.

விளையாட்டுத்தான், அதை நான் மறுக்கவில்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் எட்டுக் கணினிகள் வைத்த நெட் கஃபே. அதைப் பார்த்துக்கொண்டது நீ. பேராதனையில் புவியியல் படித்துவிட்டு ஒரு நில அளவையாளரின் கந்தோரில் வரைபடம் கீறிக்கொண்டிருந்த நான், மத்தியான இடைவேளையில் மின்னஞ்சல் பார்க்க அங்கே வருவேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை நீ உன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாய்.

"மச்சான், ஒரு எடத்துல நாடு ஒண்ணு சும்மா குடுக்குறாங்க. போர்ம் நிரப்பணும், அவ்வளவுதான்."

"விசரே உனக்கு?"

"எங்கப்பா முப்பது வருஷமா நிரப்புன போர்மை விட இது சின்னதுதான். ரெண்டே பக்கம்."

உன் அப்பாவைப் பற்றி அன்றுவரை எனக்குத் தெரியாது. தோட்டத்து லயத்தில் பிறந்து, மஹய்யாவவுக்கு வந்து, நகரத்தின் தெருக்களைக் கூட்டி, பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வரும்போது அறுபதைத் தாண்டியிருந்தவர். அதுவரை இந்த நாட்டுக் காகிதங்களில் அவர் எந்த நாட்டவரும் அல்ல. என் அப்பாவுக்குப் பிரஜாவுரிமை பிறப்பிலேயே இருந்தது. ஆனால் எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கட்டுக்கலையில் எங்கள் வீட்டுக் கூரை எரிவதை, எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்து அவருடன் நானும் பார்த்தேன். அதன் பிறகு நாடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வாய் கசந்தது. நீயோ அந்தச் சொல்லை ஒரு கிரிக்கெட் மட்டையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாய்.

அது ஒரு கருத்துக்களம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்தவர்கள் ஆளுக்கொரு நாட்டைக் கற்பனை செய்து, அதன் அரசாங்கமாக இருந்து எழுதினார்கள். தேர்தல், ஒப்பந்தம், வெள்ளம், போர், எல்லாமே எழுத்தில். புதிதாய் வருபவன் விண்ணப்பம் கொடுக்கவேண்டும்: நாட்டின் பெயர், தலைநகர், சனத்தொகை, மொழி, படை, யார் குடிமக்கள். களத்தின் நடத்துநர் ஏற்றுக்கொண்டால் பொது வரைபடத்தில் இடம் கிடைக்கும்.

முதல் விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். நாற்பது மில்லியன் சனம், நீர்மூழ்கிகள், அணுகுண்டு. மறுநாள் நடத்துநரின் பதில் ஒரே வரியில் வந்தது: எல்லாரும் வல்லரசோடுதான் வருகிறார்கள், முதலில் ஒரு தபால் கந்தோரை நடத்திக் காட்டுங்கள்.

நீ மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாய். "படிச்சவன் கையில நாட்டைக் குடுத்தா இதுதான் நடக்கும். தள்ளு மச்சான்."

நீ நிரப்பியது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பெயர்: லயம். தோட்டத் தொழிலாளரை அடைத்து வைக்கும் பத்துக் காம்பரா வரிசைதான் அது என்று களத்தில் யாருக்கும் நீ கடைசிவரை சொல்லவில்லை. அழகான பெயர் என்று அவர்கள் பாராட்டினார்கள். படை: இல்லை. குடிமக்கள்: இப்போது உள்ளே நிற்கிற எல்லாரும். நம் முதல் பதிவு ஒரு பஸ் நேரசூசி. தலைநகரிலிருந்து புறப்பட்டு, மழையில் தாமதமாகும் பஸ். அதைப் படித்து ஆறு நாடுகள் வாழ்த்து அனுப்பின.

களத்தில் ஒரு சட்டம் இருந்தது. இன்னொருவன் நாட்டின்மீது நீ குண்டு போட்டதாக எழுதலாம். ஆனால் அது எங்கே விழுந்தது, யார் செத்தார்கள் என்று நீ எழுதக்கூடாது. அதை அந்த நாட்டுக்காரன் மட்டும்தான் எழுதலாம். இதை நீ இரண்டு தரம் படித்தாய்.

"இந்த ஒரு சட்டம் இங்க இருந்திருந்தா போதுமே மச்சான்."

அப்போதே வானொலியில் மறுபடி சண்டைச் செய்தி தொடங்கிவிட்டது. ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பின் சாவை எழுதியது. செத்தவனின் வீட்டுக்காரன் மட்டும் எதையும் எழுதவில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். பொது வரைபடத்தில் சேர்க்க நம் நாட்டின் படம் கேட்டார்கள். மற்றவர்கள் உருளைக்கிழங்கு மாதிரி ஒன்றைக் கீறி அனுப்புவார்கள். எனக்கு அது அவமானம். தொழில் தெரிந்தவன் நான். கடற்கரையைக் கற்பனையில் வளைத்துவிடலாம், ஆனால் மலையின் உயரம் காட்டும் சமவுயரக் கோடுகளைக் கற்பனையில் போட்டால் தண்ணீர் மேல்நோக்கி ஓடும். தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பான். அதனால் கந்தோரில் இருந்த, மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவிலான வரைபடத் தாளை எடுத்து, ஹந்தானை மலைத்தொடரின் கோடுகளை அப்படியே நம் தீவின் நடுவில் இறக்கினேன். பெயர்களை நீ சொன்னாய். தோட்டத்தில் மலைகளை இலக்கம் போட்டுத்தானே அழைப்பார்கள்: ஆறாம் நம்பர் மலை, எட்டாம் நம்பர் மலை. இந்தியன் இங்கில், தமிழில், அச்சு மாதிரி எழுதினேன். மூலப்படம் உன் வீட்டுச் சுவருக்குப் போனது.

படையெடுப்புக்குப் படம் கீறினாலும் இதைவிடப் பொருத்தமாகக் கீறியிருக்க முடியாது. கண்டியைச் சுற்றிய மலை, இலக்கமிட்ட உச்சிகள், தமிழில் நாட்டின் பெயர், மூலையில் நீ வண்ணம் தீட்டிய கொடி. மஹய்யாவவில் பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்த காலையில் அது உன் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தோடு உன்னையும் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள்தான் நான் பொலிசுக்குப் போனேன். இரண்டு நாளும் என் முதலாளியிடம் ஒரு கடிதத்துக்காக அலைந்தேன். இது விளையாட்டு, இப்படி ஒரு களம் உண்டு என்று நாலு வரி போதும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, என்ர பேரை இதுக்குள்ள இழுக்காதை. நீயும் போகாதை. அவன் யாரோ, நீ யாரோ."

அவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் மன்னிக்கமாட்டேன். செத்தவர்களை மன்னிக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

களத்துப் பதிவுகளை அச்சடித்து ஒரு கட்டாகக் கொண்டுபோனேன். கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். எனக்குக் கதிரை தந்தார்கள், தேத்தண்ணீர் தந்தார்கள். அதிகாரி சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"படை இல்லை என்று போட்டிருக்கிறது."

"ஓம் சேர்."

"படை இல்லாமல் யார் நாடு கட்டுவான்? எங்கே ஒளித்திருக்கிறீர்கள்?"

பகிடி விடவில்லை. உண்மையாகவே கேட்டார். பிறகு நம் படத்தை மேசையில் விரித்தார். "இது ஹந்தானை. என் வீட்டு ஜன்னலில் தெரிவது. யார் வரைந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "தான் வரைந்ததாக உங்கள் நண்பன் சொல்கிறான். நெட் கஃபேயில் இருப்பவன் இப்படி வரைவானா?"

அந்த இடத்தில் ஒரே ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. "விளையாட்டு, சேர், எல்லாரும் சேர்ந்து செய்வது" என்று மழுப்பினேன். பின்னேரம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். உன்னைப் பதினொரு கிழமை, இரண்டரை மாதத்துக்கு மேல், வைத்திருந்தார்கள்.

இதை நான் எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அந்தப் பதினொரு கிழமையும் நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் செய்தது என்ன? முப்பது நாள் பதிவு இல்லாவிட்டால் நாட்டை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். உன் கஃபே முதலாளி என்னைப் படியேற விடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் இன்னொரு கஃபேக்குப் போனேன். வாசலில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிவைத்தார்கள். எழுதட்டும் என்று நின்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் லயத்தின் மழைவீழ்ச்சியை, பரீட்சைப் பெறுபேற்றை, பஸ் நேரத்தை எழுதினேன். ஒருவன் கேட்டான், உங்கள் நாட்டுத் தலைவர் ஏன் பேசுவதில்லை என்று. அவரை வேறொரு நாடு பிடித்து வைத்திருக்கிறது என்று பதில் போட்டேன்.

அதை ஒரு கதைத் திருப்பமாக நினைத்துக் கொண்டாடினார்கள். பிறகு மூன்று நாடுகள் ஒன்றுசேர்ந்து அறிக்கை விட்டன: பெயர் சொல்லாத அந்த நாடு லயத்தின் தலைவரை உடனே விடுவிக்கவேண்டும், இல்லையேல் உறவை முறிப்போம். உனக்காகக் கண்டனம் தெரிவித்த மூன்று நாடுகளும் கற்பனை நாடுகள். உண்மையான நாடுகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அதில் நானும் சேர்த்தி.

நீ வெளியே வந்த அன்று உன் வீட்டு வாசலில் நின்றேன். மெலிந்திருந்தாய், தாடி இருந்தது. என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி: "நாடு இருக்கா மச்சான்?"

"இருக்கு. தண்ணிக் கட்டணத்தைத்தான் கொஞ்சம் கூட்டிப்போட்டன்."

"நான் இல்லாத நேரம் பார்த்து வரி போட்டியா? படிச்சவன் புத்தி." சிரித்தாய். பிறகு சொன்னாய்: "நீதானே வரைஞ்சேன்னு சொன்ன, அப்போ வரைஞ்சு காட்டுன்னாங்க. வரைஞ்சேன். எட்டுத் தடவ. மொதல்ல ஒண்ணும் வரல, அதுக்கும் அடி வாங்குனேன். கடைசில ஆறாம் நம்பர் மலை உன்னை விட நல்லா வந்துச்சு தெரியுமா."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடு மச்சான். ரெண்டு பேர் உள்ள போனா நாட்டை யாரு பாக்குறது?"

நீ விட்டாய். நான் விடவில்லை. கஃபேயில் உன் வேலை போனது. பிறகு மடவளையில் ஒரு சாமான் கடையில் கணக்கெழுதப் போனாய். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தாய். சண்டை முடிந்த பிறகும் சனிக்கிழமை சனிக்கிழமை நாம் லயத்தை நடத்தினோம், களத்தில் பாதி நாடுகள் ஆளில்லாமல் போன பிறகும். போன வருடம் உன் நெஞ்சு நின்றபோது நீ எழுதிக்கொண்டிருந்தது ஒரு பாலம் திறப்பு விழா உரை. அதை நான் முடித்துப் பதிவிட்டேன்.

உன் செத்தவீட்டில் உன் தம்பி எல்லார் முன்னாலும் கேட்டான்: "அந்தப் படத்த நீங்கதான் வரைஞ்சீங்களாண்ணே?"

"ஓம்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே."

அவன் குரலை உயர்த்தவில்லை. சொன்னது சரி. பக்கத்தில் இருந்தவர் ஒருவர், இப்ப ஏன் தம்பி பழசெல்லாம் என்றார். எனக்கு இந்த நாட்டில் பிடிக்காத வாக்கியங்களில் முதலாவது அதுதான். பழசு யாருக்கு? எட்டுத் தடவை வரைந்தவனுக்கா, வரையச் சொன்னவனுக்கா?

உன் எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் நான் பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்ன வருடம், இன்ன வீட்டில் கைப்பற்றப்பட்ட வரைபடம் என்னால் வரையப்பட்டது. அதையும், தடுப்பில் இருந்தவரைக் கொண்டு வரைவித்த எட்டுப் பிரதிகளையும் திருப்பித் தரவேண்டும். மூன்று மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. அப்படி ஒரு வரைபடம் தங்கள் பதிவில் இல்லையாம். இல்லாத படத்துக்காகப் பதினொரு கிழமை.

இரண்டாவது கடிதத்தை இன்று மத்தியானம் பதிவுத் தபாலில் போட்டேன். மூன்று மொழியிலும் எழுதினேன், விளங்கவில்லை என்று சொல்லமுடியாதபடி. என் முழுப்பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. தபால் கந்தோர்ப் பெண் விலாசத்தைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பிரச்சினை ஒண்டும் வராதா ஐயா?"

"வரட்டும் பிள்ளை. அதுக்குத்தான் போடுறன்."

முத்திரையைக் குத்தினாள். பதில் வராவிட்டால் மூன்றாவதும் எழுதுவேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. கை இன்னும் நடுங்கவில்லை. வரைந்தவன் நான் என்பதை அவர்கள் ஒருநாள் தங்கள் கையெழுத்தில் எழுதித் தரவேண்டும்.